சட்டியை விளக்கியவள்

உறுமிக்கொண்டு நின்ற ஸ்கூட்டரின் சாவியைத் திருகி உருவி, கைக்குள் மூடிக்கொண்டாள் மாரிச்செல்வி.

வண்டி ஒரு விக்கல் விக்கிவிட்டு அடங்கியது. ஹெல்மெட்டுக்குள் நவநீதகிருஷ்ணனின் கண்கள் பிதுங்கின.

"ஏம்மா! பட்டப்பகல்ல வழிப்பறியா?"

"ஆமா சார். ஒங்ககிட்ட ஒரு வார்த்தையப் பறிக்கணும். ஒண்ணே ஒண்ணு. பதினோரு மணிக்குள்ள பறிச்சாகணும்."

மணி பத்தேகால். சிவகாசியில் பஸ் ஏறி, விருதுநகரில் இறங்கி, ரயில்வே லைனை ஒட்டிய அந்தக் காலனியில் மூன்று தெரு தப்பி, நான்காவது தெருவில் இந்த வீட்டை அவள் கண்டுபிடித்தபோது, மனிதர் மதுரையில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அரை நிமிடம் பிந்தியிருந்தால் அம்மாவின் பெயர் அம்போ.

நவநீதகிருஷ்ணன் ஓய்வு பெற்ற ஆங்கிலப் பேராசிரியர். வெடி விபத்து விசாரணை ஆணையத்தின் தமிழ்க் காகிதங்களை ஆங்கிலமாக்கித் தந்தவர் அவர்தான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவருடைய சுருட்டைக் கையெழுத்து, முறுக்குப் பிழிந்த மாதிரி.

தோள்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வண்டியின் முன்பக்கத்தில் விரித்தாள். நடுவே ஒரு வார்த்தையைச் சுற்றிச் சிவப்பு மை வட்டம்.

"நான் சிவகாசியில ஆப்செட் பிரஸ்ல புரூப் பாக்கேன் சார். ஆறு வருசமா எழுத்துப் பிழை பிடிச்சுத்தான் சோறு திங்கேன். இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?"

பேராசிரியர் குனிந்து பார்த்தார். சட்டென்று முகத்தில் கோபம் போய் வகுப்பறை வந்துவிட்டது.

"எலுசிடேட்! அருமையான வார்த்தைம்மா. லத்தீன்ல லூக்ஸ்னா வெளிச்சம். அதுலேருந்து லூசிடஸ், தெளிவானது. முன்னால ஒரு 'எக்ஸ்' சேர்ந்து எலுசிடேட். இருட்டுல கிடக்கிற விஷயத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவர்றது. நம்ம தமிழைப் பாரு, 'விளக்கு'ங்கிறதும் அதேதான். ஏத்துற விளக்கும் விளக்கு, எடுத்துச் சொல்றதும் விளக்கு. ரெண்டு பாஷையிலும் ஒரே வெளிச்சம்! சும்மா 'எக்ஸ்ப்ளெய்ன்'னு போட எனக்கு மனசு வரல. ரெண்டு நாள் யோசிச்சுப் போட்டேன்."

"ரெண்டு நாளா?"

"ரெண்டு நாள்."

"காலையில பல்லு வெளக்குனீகளா சார்?"

"என்னது?"

"பல்லு. வெளக்குனீகளா, இல்லையா?"

"வெளக்கினேன். அதுக்கு..."

"பல்லுக்கு என்ன விளக்கம் சொன்னீக?"

நவநீதகிருஷ்ணன் நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தார்.

மாரிச்செல்வி விடவில்லை. தாளைத் திருப்பி, மருத்துவமனையில் எடுத்த தமிழ் வாக்குமூலத்தின் நகலைக் காட்டினாள். எழுத்தரின் அழகான எழுத்தில் நாலே வரி. 'போர்மேன் வந்து விரைவாக முடிக்குமாறு கூறினார். மருந்துச் சட்டியை விளக்கச் சொன்னார். நான் விளக்கினேன். அப்போது வெடித்தது.'

"இது எங்கம்மா சொன்னது சார். சுப்புத்தாய். சாகுறதுக்கு மொத நாள் சொன்னது. சட்டிய வெளக்குனா சார். எங்க ஊர்ல ஏனம் வெளக்குறதுன்னா, மணலோ சாம்பலோ போட்டு அழுத்தித் தேய்க்கிறது. வெடிமருந்து ஒட்டுன சட்டிய மணலப் போட்டுத் தேச்சா என்ன ஆகும்னு பட்டாசு தெரிஞ்ச சின்னப் பிள்ளையக் கேளுங்க, சொல்லும். நீங்க என்ன எழுதியிருக்கீக? சட்டியப் பத்தி போர்மேனுக்கு எங்கம்மா எலுசிடேட் பண்ணுனான்னு எழுதியிருக்கீக!"

"எங்க வீட்ல பாத்திரம் தேய்க்கிறதுன்னுதாம்மா சொல்லுவோம்..." பேராசிரியரின் குரல் இறங்கிவிட்டது.

"தேய்க்கிறது யாரு சார்?"

"வேலைக்கு ஒரு அம்மா வர்றாங்க."

"அவங்களக் கேட்டிருந்தா ரெண்டு நாளு மிச்சம்."

நாலு மாதத்துக்கு முந்திய கதை அது. எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை. தீபாவளி சீசன். மருந்து ரூம் ஒன்று வெடித்து, பக்கத்து ரூமையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது. அங்கேயே நாலு பேர். ஐந்தாவதாக சுப்புத்தாய், இரண்டு நாள் தாக்குப் பிடித்து. அவள் புருஷன் காசிராஜனும் அதே மருந்து ரூமில்தான் வேலை. வெடித்த நேரத்தில் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு காயவைக்கும் களத்துக்குப் போயிருந்ததால் அவர் தப்பினார். அன்றிலிருந்து மனிதர் மகளிடம்கூட அளந்துதான் பேசுகிறார்.

கம்பெனி வக்கீல் ராஜபாண்டியனுக்கு அந்த 'எலுசிடேட்' அல்வா மாதிரி கிடைத்தது. போர்மேன் செந்தூர்பாண்டி பொறுப்பாக வந்து சந்தேகம் கேட்டிருக்கிறார். இந்தம்மா வேலையில் கண் இல்லாமல், மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு வாய் வளர்த்திருக்கிறார். கவனக்குறைவு. ஆலையின் மேல் தப்பே இல்லை. அறிக்கையின் வரைவில் அப்படியே ஏறிவிட்டது: 'தொழிலாளி சுப்புத்தாயின் கவனக்குறைவே ஐந்து உயிர்கள் போகக் காரணம்.' இன்று பதினோரு மணி விசாரணைதான் கடைசி. மத்தியானம் அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டு டெல்லிக்கு விமானம் ஏறுகிறார்.

செய்தி ஊருக்குள் அதற்கு முன்பே ஏறிவிட்டது. போன வாரம் ரேஷன் கடை வரிசையில், செத்துப்போன வேலுத்தாயின் அக்கா, எல்லோர் முன்னாலும் மாரிச்செல்வியைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்காத்தா பேசிப் பேசியே நாலு பேரக் கொன்னுட்டாளேடி. வாய மூடிக்கிட்டு வேலையப் பாத்திருந்தா எந் தங்கச்சி இன்னிக்கு இருப்பா." மாரிச்செல்வி சாமான் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டாள். அம்மா அப்படிப்பட்டவள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். மருந்து ரூமுக்குள் நுழைந்தால் கொலுசைக்கூடக் கழற்றிவிடுகிற பொம்பளை.

தெரிந்து என்ன செய்ய? காகிதத்தில் இல்லையே!

"ஏறும்மா," என்றார் நவநீதகிருஷ்ணன்.

"மதுரை?"

"மதுரை எங்கயும் ஓடிப்போகாது. சாவியைக் குடு."

வண்டி பறந்தது. பறந்தது என்பது பேராசிரியரின் கணக்கில். ஒரு சைக்கிள்காரர் அவர்களை முந்திக்கொண்டு போனார். மாரிச்செல்விக்கு இறங்கித் தள்ளலாமா என்றிருந்தது.

போன் அடித்தது. அப்பா.

"தாயி, எங்கன இருக்க?"

"வாத்தியாரக் கூட்டிக்கிட்டு வந்துக்கிட்டே இருக்கேன்பா. நீங்க உள்ள போயி உக்காருங்க."

"வேணாம் தாயி. எழுதுனது எழுதுனபடி இருந்துட்டுப் போகட்டும்."

நேற்றுச் சாயங்காலம் ஆணையம் நகல் கொடுத்ததிலிருந்து இதே பாட்டு. சிவப்பு வட்டம் போட்டபோதே, பேனாவைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்றார். காலையில் செருப்பை மாட்டும்போதும் வேண்டாம் என்றார்.

"ஏம்பா இருக்கணும்? அம்மாவக் கொலகாரிங்காகப்பா!"

"போனவ போயிட்டா. அந்த வார்த்த ஒன்னைய என்னட்டி செஞ்சிச்சு?"

"கம்பெனிக்காரன் வந்து மெரட்டுனானா? உண்மையச் சொல்லுங்க. வேற வேல தாரேன்னானா?"

"வேணாம் தாயி," என்றார் அப்பா மறுபடியும்.

"ஒங்களுக்குப் பயம்னா வெளியவே நில்லுங்க. அம்மாவுக்காக நான் ஒருத்தி போதும்." வெடுக்கென்று போனை அணைத்தாள். கண் எரிந்தது. இந்த மனிதருக்கா அம்மா இருபத்தாறு வருஷம் சோறு வடித்துக் கொட்டினாள்?

பேராசிரியர் முன்னால் பார்த்துக்கொண்டே பேசினார். "அப்பாவை வையாதேம்மா. பயப்பட அவங்களுக்குக் காரணம் இருக்கும்."

"நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க சார். 'எக்ஸ்ப்ளெய்ன்' போட மனசு வரலன்னீகளே, அது எங்கயிருந்து வந்துச்சு?"

"அதுவும் லத்தீன்தான். பிளானஸ்னா தட்டை, சமதளம். எக்ஸ்ப்ளெய்ன்னா மேடு பள்ளத்தையெல்லாம் நிரவித் தட்டையாக்குறது."

"ரோடு ரோலர் மாதிரியா?"

"கிட்டத்தட்ட."

"அப்ப அதையே போட்டிருக்கலாம் சார். செஞ்ச வேலைக்குப் பொருத்தமா இருந்திருக்கும்."

பேராசிரியர் அடுத்த வேகத்தடையைக் கவனிக்காமல் ஏற்றி இறக்கினார்.

விசாரணை நடந்த மண்டபத்துக்குள் அவர்கள் மூச்சிரைக்க நுழைந்தபோது மணி பதினொன்று ஏழு. டெல்லி அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முன் வரிசையில் வக்கீல் ராஜபாண்டியன், கஞ்சி போட்ட சட்டை கசங்காமல். கடைசி வரிசையில், வாசலை ஒட்டி, அப்பா. உள்ளேதான் உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

நவநீதகிருஷ்ணன் ஹெல்மெட்டைக்கூட இறக்கி வைக்காமல் அதிகாரியின் முன்னால் போய் நின்றார். தன் மொழிபெயர்ப்பில் ஒரு பிழை இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன் என்றார். தமிழில் பல்லையும் பாத்திரத்தையும்கூட விளக்கலாம் என்று ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். கை வேறு பல் தேய்க்கிற மாதிரி மேலும் கீழும் போய்வந்தது. அதிகாரி சிரித்துவிட்டார். 'ஒரு சட்டியை எப்படி எலுசிடேட் செய்வது என்று எனக்கும் புரியவில்லை. உங்கள் ஊர்ப் பேச்சு வழக்கு போல என்று விட்டுவிட்டேன்' என்றார்.

ராஜபாண்டியன் எழுந்தார். அவசரப்படாமல் எழுந்தார்.

"நல்லது. புரொபசர் ஐயாவுக்கு நாலு மாசம் கழிச்சு ஞானோதயம். விளக்குன்னா எடுத்துச் சொல்றதும் உண்டு, தேய்க்கிறதும் உண்டு. ஏத்துற விளக்கும் உண்டு. நாளைக்கு இன்னொருத்தர் வந்து, அந்தம்மா மருந்துச் சட்டிக்குப் பக்கத்துல திருவிளக்கு ஏத்துனாங்கன்னு சொன்னா அதையும் திருத்துவீங்களா?"

கம்பெனி ஆட்கள் இருந்த பக்கம் சிரிப்பு.

"மூணு அர்த்தத்துல எதுன்னு செத்தவங்க வந்தா சொல்லப் போறாங்க?"

"சொல்லுவாக," என்றாள் மாரிச்செல்வி.

மண்டபம் திரும்பிப் பார்த்தது.

"எங்கம்மா பேசுனதப் போன்ல பதிவு பண்ணியிருக்காக சார். காகிதக் கட்டுல, கடைசிப் பட்டியல்ல, பதினாலாம் நம்பர். நான் புரூப் பாக்குறவ, கடைசிப் பக்கம் வரைக்கும் படிப்பேன். எழுத்தர் எழுதுனது சலவை பண்ணுன தமிழ். எங்கம்மா வாயால 'கூறினார்'னு ஒரு நாளும் வராது. அவ என்ன சொன்னான்னு அவ வாயாலயே கேளுங்க."

பேராசிரியர் மொழிபெயர்த்தார். அதிகாரி தலையாட்டினார். உதவியாளர் ஒருவர் மடிக்கணினியைத் திறந்தார்.

"வேணாம்யா!"

கடைசி வரிசையில் காசிராஜன் எழுந்து நின்றிருந்தார். தோள் துண்டு கீழே விழுந்தது தெரியாமல் நின்றார்.

"போட வேணாம்யா... அந்தக் கொரல எம் மக தாங்கமாட்டா."

"தாங்குவேன்பா. போடுங்க சார்."

முதலில் மின்விசிறிச் சத்தம். யாரோ இருமினார்கள். எழுத்தரின் குரல், 'சொல்லுங்கம்மா, மெதுவாச் சொல்லுங்க.' அப்புறம் அவள். கரிந்த தொண்டையிலிருந்து, ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கிப் பொறுக்கி.

"செந்தூர்பாண்டி வந்தான்... லோடு நிக்கி, வெரசா முடிங்கன்னான்... போயிட்டான்."

நீளமான ஒரு மூச்சு.

"சட்டிய வெளக்குன்னாக... மணலப் போட்டு வெளக்குன்னாக... நா வெளக்குனேன். சட்டுனு..."

அவ்வளவுதான். பதிவு நின்றது.

"மணல்!" நவநீதகிருஷ்ணன் துள்ளிவிட்டார். "மணல்னு சொல்றாங்க! எழுத்தர் அதை விட்டுட்டார்!" ஆங்கிலத்துக்குத் தாவி, சட்டி, மணல், தேய்ப்பு என்று அதிகாரிக்குப் படபடவென்று கொட்டினார். அதிகாரி பேனாவை எடுத்தார். அந்த ஒன்பது எழுத்து ஆங்கில வார்த்தையின் குறுக்கே ஒரு கோடு. அடுத்து, வரைவு அறிக்கையில் 'கவனக்குறைவு' என்று இருந்த வரியின் குறுக்கே இன்னொரு கோடு. ராஜபாண்டியன் மெதுவாக உட்கார்ந்தார். சட்டை கசங்கியது.

அம்மாவின் பெயர் பழியிலிருந்து வெளியே வந்துவிட்டது. நாலு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் எழுந்து நகர்ந்தது. ரேஷன் கடையில் போய் நிற்கலாம். வேலுத்தாயின் அக்கா முகத்தைப் பார்த்து நிற்கலாம்.

மாரிச்செல்வி அழவில்லை. அழலாம் என்று நினைத்த நேரத்தில்தான் காதுக்குள் ஏதோ இடறியது. புரூப் பார்க்கிறவளுக்கு வரி முடிந்த பிறகும் கண் ஒருமுறை திரும்பிப் போகும். அப்படித்தான் காது திரும்பிப் போனது.

வந்தான். முடிங்கன்னான். போயிட்டான்.

வெளக்குன்னாக.

அதிகாரி ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டார். பேராசிரியர் தமிழில் சொன்னார். "தேய்க்கச் சொன்னது போர்மேன்தானே, அதை உறுதிப்படுத்திட்டா ஆலை மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லி எழுதிடறேங்கிறார். எழுத்தர்தான் எல்லாத்துக்கும் 'ஆர்' போட்டிருக்காரே, கூறினார், சொன்னார்னு. போர்மேன்தானே... இல்ல, இரு..."

அவரும் நின்றுவிட்டார். காலையிலிருந்து ஒரு வார்த்தைக்காக அடி வாங்கிய மனிதர். இப்போது அவர் காது கூர்மையாகியிருந்தது.

"ஏம்மா," குரலைத் தாழ்த்தினார், "அவனை 'வந்தான்'ங்கிறாங்க. 'போயிட்டான்'ங்கிறாங்க. அடுத்த மூச்சுல 'வெளக்குன்னாக'ங்கிறாங்க. அது யாரும்மா?"

செந்தூர்பாண்டி அவர்கள் தெருப் பையன். போர்மேன் ஆன பிறகும் அம்மாவுக்கு அவன் 'வாலே, போலே'தான். அம்மா மரியாதை வைத்துப் பேசுகிற ஆள் அந்த மருந்து ரூமில் ஒருவர்தான் உண்டு. அந்த ஒருவரை இருபத்தாறு வருஷத்தில் பெயர் சொல்லி அவள் கூப்பிட்டதில்லை. வந்தாக, சாப்பிட்டாக, தூங்குதாக. அம்புட்டுத்தான்.

"போர்மேன்தான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டெல்லிக்காரருக்கு 'னான்' தெரியாது, 'னாக' தெரியாது. ராஜபாண்டியனுக்குத் தெரியும். ஆனால் அவர் மணலிலேயே சறுக்கி, காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். பேராசிரியர் அவளையே பார்த்தார். "நீ என்ன சொல்றியோ அதைத்தான் நான் சொல்லப்போறேன்," என்று முணுமுணுத்தார்.

மாரிச்செல்வி வாயைத் திறந்தாள்.

பின்னால் நாற்காலி ஒன்று தரையில் இழுபட்டது. காசிராஜன் நாற்காலிகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்துகொண்டிருந்தார். அதிகாரியின் மேசையருகே நின்றார். அதிகாரியைப் பார்க்கவில்லை. அணைந்துபோன மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"செந்தூர்பாண்டி இல்ல சார். லோடு நிக்கின்னு அவன் கத்திட்டுப் போயிட்டான். சட்டியில மருந்து காஞ்சு ஒட்டிக் கெடந்துச்சு. தண்ணி ஊத்தி ஊற வெக்க நேரமில்ல, மணலப் போட்டு வெளக்குடின்னு சொல்லிட்டு, தட்டத் தூக்கிக்கிட்டுக் களத்துக்குப் போனது நாந்தேன்."

மகளின் பக்கம் திரும்பினார்.

"அவ வேணாம்னா, தாயி. ரெண்டு தடவ சொன்னா."